பாக்கியநாதன் போட்ட மழை

எங்கள் சந்துக்கு மேலே போகிற மேகங்களில் பாதி தன்னுடையது என்று பாக்கியநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். மீதிப் பாதி யாருடையது என்று கேட்டால், "அது கடல்ல இருந்து வர்றது. அதுக்கு நான் பொறுப்பில்ல" என்பார். அந்த அளவுக்கு நேர்மையான மனிதர்.

அவருக்கு வேலை பினாங்குத் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு ஐஸ் ஆலையில். பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவார். ஐஸ் செய்ய எதற்கு நெருப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு தடவை கேட்டுத் தொலைத்துவிட்டேன். கரி எரிந்தால் ஆவி, ஆவி வந்தால் மெசின், மெசின் ஓடினால் ஐஸ் என்று தொடங்கியவர், நான் கால்சட்டை ஒன்றைத் தைத்து முடிக்கும்வரை நிறுத்தவில்லை. "தண்ணியில இருந்து சூட்டை உருவி எடுக்கிறோம்லா, அது எங்க போகும்? மேலதான் போகும். கூடவே நம்ம புகையும் போகுது. ரெண்டும் மேல போய்ச் சும்மாவா உக்காந்திருக்கும்? மேகமாயிடும் லா. அந்தா பாருங்க, யானை மாதிரி ஒண்ணு போகுதே, அது நான் காலையில போட்டது."

நான் தையல்காரன். அந்தச் சந்தின் முனையில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில்தான் என் மெசின். தைப்பதெல்லாம் வெள்ளை டிரில் துணி. ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் பறந்து வந்து அதன்மேல் உட்காரும். அவர் மேகம் போட்டாரோ இல்லையோ, என் துணியில் கறை போட்டார். அதனால் அவரைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி அமலம்மாளுக்கு இந்த மேகப் பேச்சு துளியும் பிடிக்காது. "கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாத மனுஷன் வானத்தைப் பிடிக்கப் போறாராம்" என்பாள். அவர்கள் வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகும் என்பதால் அந்தப் பழமொழிக்கு அங்கே பலம் அதிகம். அது ஒழுகும்போதும் பாக்கியநாதன் அசரமாட்டார். சட்டியை எடுத்து அடியில் வைத்துவிட்டு, "நல்லா வந்திருக்கு இன்னிக்கு" என்று மழையைத் தட்டிக்கொடுப்பார்.

அவரோடு மல்லுக்கு நிற்க ஒரே ஒரு ஆள் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஏரம்பமூர்த்தி. அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸ் புல்வெளியில் மழை அளப்பதற்கென்று ஒரு செப்புப் பாத்திரம் நட்டிருந்தார்கள். தினமும் காலையில் அதிலிருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளப்பதும் அவர் வேலை. ஒரு சொட்டு கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். குடை எடுத்துக்கொண்டு போனால் மழை வராது, மறந்து போனால்தான் வரும் என்பது ஊர் அறிந்த விஷயம். அவர் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வேலை விட்டு வரும் வழியில் இரண்டு பேரும் என் கடை முன்னால்தான் மோதிக்கொள்வார்கள்.

"பாக்கியநாதர், வானம் எண்டால் என்னெண்டு நினைச்சீர்? உம்மடை அடுப்படிக் கூரையோ? மனுசன் ஊதி அது மாறுமோ? கடலிலை பெருங்காயம் கரைச்ச கதைதான்."

"கரைச்சா மணக்காதுங்கிறீங்களா, கிராணி ஐயா?"

"மணக்காது."

"ஒருத்தன் ஒரு தடவை கரைச்சா மணக்காது. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் சேந்து டெய்லி கரைச்சா? பேரன், கொள்ளுப்பேரன் காலம் வரைக்கும் கரைச்சிக்கிட்டே இருந்தா?"

ஏரம்பமூர்த்தி குடையை மறு கைக்கு மாற்றினார். "விசர்க் கதை கதையாதையும்" என்று சொல்லிவிட்டுக் குடையோடு நடந்துவிட்டார். அவர் பதில் சொல்லாமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாக்கியநாதன் அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் பெருமையெல்லாம் அவர் மகள் கேத்தரினுக்குக் கல்யாணம் பேசும்வரை யாரையும் கடிக்கவில்லை.

கேத்தரின் நல்ல பெண். சிரித்த முகம், மாதா கோயிலில் நல்ல பாட்டு. ஒரே ஒரு குணம், வெறும் அரிசியைத் தின்பாள். சமைக்காத அரிசியைக் கைக்குட்டை முனையில் முடிந்து வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டாக வாயில் போட்டு, கறுக் கறுக்கென்று மென்றுகொண்டே இருப்பாள். அரிசி தின்கிற பெண்ணின் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அமலம்மாள் திட்டாத திட்டு இல்லை, ஒளித்து வைக்காத இடம் இல்லை. மகள் எறும்பு மாதிரி அரிசியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போனபோது அவளை லாரன்ஸ் பார்த்துவிட்டான். அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற பையன். அவளும் அவனைப் பார்த்துவிட்டாள். அடுத்த மாதமே அவன் அம்மா சூசானாள் மகனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி, பினாங்குத் தீவுக்கு ஃபெரி ஏறிப் பெண் பார்க்க வந்துவிட்டாள்.

சூசானாளுக்கு மழை என்றால் ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. மூத்த மகன் கல்யாணத்தன்று மழை பெய்து, பந்தல் சாய்ந்து, சாமியார் தலையிலேயே விழுந்தது. ஒரே வருஷத்தில் மூத்த மருமகள் புருஷனைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டாள். மழைக்கும் ஈப்போவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய முகம் இல்லை அது.

பாக்கியநாதனின் கல்யாணக் கோட்டுக்கு அளவெடுக்க என்னையும் அன்றைக்கு அழைத்திருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"பொண்ணு வெறும் அரிசி திங்குமா?" என்பதுதான் சூசானாள் கேட்ட முதல் கேள்வி.

"சீச்சீ, எங்க புள்ள அரிசியத் தொடவே தொடாது" என்றாள் அமலம்மாள். பக்கத்தில் தலை குனிந்து நின்ற கேத்தரினுக்கு ஒரு கன்னம் மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது. அடக்கமான பெண், வாயே திறக்கவில்லை என்று சூசானாள் மெச்சினாள்.

"அப்ப வர்ற ஜனவரில வச்சுக்கலாம். வெயில் காலம்" என்றாள்.

அங்கே பாக்கியநாதன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேத்தரின் முகம் வாடியதைப் பார்த்தார். லாரன்ஸ் முகம் அதைவிட வாடியதைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்கு ஜனவரி வரைக்கும்? அக்டோபர்லயே வைப்போம். மழையப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க தங்கச்சி. அது நம்ம டிப்பார்ட்மெண்ட்."

அக்டோபர்! பினாங்கில் அக்டோபரில் தவளைகூட ஒதுங்க இடம் தேடும். எனக்குக் கையிலிருந்த அளவு நாடா நழுவிவிட்டது.

பாக்கியநாதன் ஐஸ், ஆவி, மெசின் எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினார். பாதி புரியாததால் சூசானாளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கும்போது விரலை நீட்டிச் சொன்னாள்: "உங்க வார்த்தைய நம்பித்தான் சம்மதிக்கிறேன் அண்ணே. தாலி ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு விழுந்துச்சு, மகனைக் கூட்டிக்கிட்டு நான் ஃபெரி ஏறிடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். முதல் ஞாயிறு ஓலைக்கு மழை. இரண்டாவது ஞாயிறும் மழை. மூன்றாவது ஓலையை வாசித்துவிட்டு, "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள்" என்று சாமியார் சொல்லி வாய் மூடவில்லை, வெளியே இடி விழுந்தது. கோயிலில் இருந்த எல்லோரும் பாக்கியநாதனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

அதற்குள் அமலம்மாள் அரிசிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த கேத்தரின் இளைத்துப் போயிருந்தாள். ஊசியை நான் குத்திவிட்டேனோ என்று பயந்தேன், அவ்வளவு தண்ணீர் கண்ணில்.

"மாமா, நெசமாவே அரிசி தின்னா மழை வருமா?"

அதெல்லாம் பொய் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வெளியே பார்த்தேன். சாக்கடை நிரம்பி அஞ்சடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"அவங்க அம்மா திரும்பிப் போனா அவரும் போயிடுவாரு மாமா. அம்மா பேச்சைத் தாண்ட அவருக்குத் தெரியாது. எனக்கு அவரைத் தவிர வேற யாரும் வேணாம்" என்று சொல்லி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கைக்குட்டையிலிருந்து நாலு அரிசி என் மெசின்மேல் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

மகள் அழுததைக் கேட்டு அன்றைக்குத்தான் பாக்கியநாதன் முதல் தடவையாகப் பயந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் பயந்த விதமே வேறு. தன் புகைதான் கெடுக்கிறது என்று பயந்தார். "இத்தனை வருஷமா நான் அள்ளிப் போட்டது மேல அப்படியே நிக்குது. கொஞ்சமாவது ஆற விடணும்" என்றார்.

பாய்லரை வருஷத்துக்கு இரண்டு தடவை அணைத்து, உள்ளே புகுந்து சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். அந்த நாட்களில் புகைபோக்கியில் புகை இராது. ஆலையில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் இருந்தார். பாக்கியநாதன் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்தச் சுத்தம் செய்கிற வேலையைக் கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பித்துத் திங்கட்கிழமை முடியும்படி மாற்றிக்கொண்டார். கல்யாணம் திங்கட்கிழமை காலை. தனக்குப் பதிலாக முனுசாமி என்ற இன்னொரு கரி அள்ளுகிறவரை உள்ளே இறக்கிவிட்டு, "தீக்குச்சிகூடக் கிழிக்காதே, சுருட்டுப் பிடிக்காதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தார். பினாங்கில் அந்த மூன்று நாளும் ஐஸுக்குப் பஞ்சம். காரணம் யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரம்பமூர்த்தியையும் என்னையும் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புகைபோக்கியைக் காட்டினார். அது சும்மா நின்றது. அதற்குப் பின்னால் வானம் கழுவி விட்ட தட்டு மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, கிராணி ஐயா? புகை இல்ல, மேகமும் இல்ல. இப்ப என்ன சொல்றீங்க?"

"வடிவாய்த்தான் கிடக்கு. நாளைக்குப் பாப்பம்" என்றார் ஏரம்பமூர்த்தி. அவர் குரலில் கேலி இல்லை. கேத்தரின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு அவள்தான் ஆபீஸ் பென்சில்களைப் பல்லால் கடித்துக் கூராக்கிக் கொடுப்பாள், அந்தப் பாசம்.

சந்தில் சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, விற்கும் இஸ்மாயிலும் சும்மா இருக்கவில்லை. சாத்தே குச்சிகளில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி எடுத்துப் போய்க் கோயில் வேலியோரம் நட்டு வைத்தார். மழையை விரட்ட அது மலாய்க்காரர் வழக்கம். "காரம் தாங்காம மழை வேற கம்போங்குக்கு ஓடிடும் லா" என்று பாக்கியநாதனுக்குத் தைரியம் சொன்னார்.

திங்கட்கிழமை காலையும் வெயில்தான். பாக்கியநாதன் நான் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். சொல்லக்கூடாது, கோட்டு அபாரம். மாப்பிள்ளை வீட்டார் ஃபெரியிலிருந்து இறங்கி ரிக்‌ஷாக்களில் வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியநாதன் ஒரு கண் அவர்கள் வரும் வழியிலும், ஒரு கண் வானத்திலும் வைத்திருந்தார். திடீரென்று அவர் முகம் மாறியது. கடல் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பி வந்துகொண்டிருந்தது. யானை இல்லை, யானைக் கூட்டம்.

அவர் ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புகைபோக்கி சும்மாதான் நின்றது. மறுபடியும் மேகத்தைப் பார்த்தார். மறுபடியும் புகைபோக்கி. பக்கத்தில் நின்ற எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் தன் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, நீ யார் என்று கேட்டுக்கொண்டு எதிரே வந்தால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

சூசானாள் ரிக்‌ஷாவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். முதல் சொட்டு அவள் மூக்கில் விழுந்தது.

அடுத்த நிமிஷம் வானம் பொத்துக்கொண்டது. இஸ்மாயிலின் மிளகாயும் வெங்காயமும் சாக்கடையில் நீந்திப் போயின. எல்லோரும் கோயில் முகப்புக்குள் ஓடி ஒதுங்கினோம். லாரன்ஸின் தலையில் இருந்த எண்ணெயெல்லாம் சட்டைக் காலரில் இறங்கிவிட்டது. சூசானாள் முக்காட்டைப் பிழிந்தாள். பிழிந்துவிட்டுக் கேத்தரினைப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு அரிசி தின்னிருக்கு" என்றாள்.

அமலம்மாளின் கை இடுப்பில் இருந்த சாவிக்குப் போனது.

"என்கிட்ட மறைச்சிட்டீங்க. லாரன்ஸ், வா போகலாம்."

லாரன்ஸ் நகரவில்லை. ஆனால் நகரமாட்டேன் என்று சொல்லவும் அவனுக்கு வரவில்லை. கேத்தரின் நனைந்த முக்காட்டோடு ஒரு அடி முன்னால் வந்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஆமா அத்தை, நான்..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

"நான்தான்!" என்று ஒரு சத்தம். பாக்கியநாதன் மகளுக்கும் சம்பந்திக்கும் நடுவில் பாய்ந்து வந்து நின்றார். "பிள்ள மேல பழி போடாதீங்க தங்கச்சி. இது அரிசி மழை இல்ல, கரி மழை. நான் போட்டது. சனிக்கிழமைக்கு முன்னாடி கொஞ்சம் கூடுதலா அள்ளிப் போட்டுட்டேன். கணக்குத் தப்பிடுச்சு. குத்தம் முழுக்க என்னுது."

அவர் இதைச் சொன்னபோது நான் அவர் கண்ணைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் நம்பிச் சொன்னவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக நம்பாமல் சொன்னார்.

சூசானாள் சுலபத்தில் ஏமாறுகிறவள் இல்லை. "நீங்க சொன்னா ஆச்சா? அப்பன் மகளுக்காக என்னவும் சொல்லுவான். வேற யாரு சாட்சி?" என்று சுற்றிலும் பார்த்தாள். கறுப்புக் குடையோடு தூணோரம் நின்ற ஏரம்பமூர்த்தியிடம் கண் நின்றது. "கவர்மெண்ட்ல மழை அளக்கிறவர் இவர்தானே? ஐயா, நீங்க சொல்லுங்க. இந்த மழை இவரு புகையால வந்ததா?"

எனக்கு உயிரே போய்விட்டது. மழை விஷயத்தில் ஒரு சொட்டுக்கூடப் பொய் சொல்லாத மனுஷன். மனுசன் ஊதி வானம் மாறாது என்று என் கடை முன்னாலேயே தொண்டை கிழியக் கத்தியவர். புகைபோக்கி சனிக்கிழமையிலிருந்து குளிர்ந்து கிடப்பதை நேற்றுத்தான் தன் கண்ணாலேயே பார்த்தவர்.

ஏரம்பமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு கேத்தரினைப் பார்த்தார். பிறகு கையை மழையில் நீட்டி, உள்ளங்கையில் விழுந்த தண்ணீரை மோந்து பார்த்தார்.

"ஓம் அம்மா" என்றார். "கரி மணம் அடிக்குது. பாக்கியநாதற்றை புகைதான். நான் கன காலமாய் அளந்து பாத்தனான், சந்தேகமே இல்லை."

சூசானாள் மருமகளையும் சம்பந்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். மருமகளின் குற்றம் என்றால் அது ஆயுசுக்கும் கூட வரும். சம்பந்தியின் குற்றம் என்றால் அங்கேயே தண்டனை கொடுத்துத் தீர்த்துவிடலாம். அவள் கணக்கு அப்படித்தான் ஓடியிருக்க வேண்டும்.

"அப்ப நனையிறதும் நீங்கதான்" என்றாள் பாக்கியநாதனிடம். "தாலி ஏறுற வரைக்கும் மழையில நில்லுங்க."

அவர் மறுபேச்சுப் பேசாமல் படியிறங்கிப் போய் நின்றார். அமலம்மாள் மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பூசை நடந்தது. பெண்ணைப் பெற்றவர் மட்டும் வாசலுக்கு எதிரே, நான் தைத்த கோட்டோடு, மழையில். உள்ளே மனசு ஒட்டாமல் நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். பிறகு பார்த்தால் ஏரம்பமூர்த்தி குடையை விரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். ஒரு குடைக்குள் இரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி நனைந்தது.

"என்ன ஐயா, பொய் சொல்லிட்டீங்களே" என்றார் பாக்கியநாதன்.

"பொய் எண்டு எனக்கும் நிச்சயமாய்த் தெரியேல்லை" என்றார் ஏரம்பமூர்த்தி. "அண்டைக்கு நீர் சொன்ன பெருங்காயத்துக்கு நான் இன்னும் மறுமொழி தேடிக்கொண்டுதான் இருக்கிறன்."

உள்ளே தாலி ஏறியது. மணி அடித்தார்கள். சூசானாளே வாசலுக்கு வந்து, "உள்ள வாங்க சம்பந்தி, சளி பிடிச்சிக்கும்" என்று கூப்பிட்டாள். அண்ணே போய் சம்பந்தி வந்துவிட்டது. பாக்கியநாதன் அழுதாரா என்று தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீராக இருந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோது பெண்டுகள் அரிசியும் பூவும் தூவினார்கள். நனைந்த கன்னத்தில் அரிசி ஒட்டிக்கொண்டது. கேத்தரினின் நாக்கு மெல்ல எட்டிப் பார்த்தது. ஒரு அரிசியை இழுத்துக்கொண்டு உள்ளே போனது. அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. சூசானாள் திரும்பினாள்.

"அதுவும் என்னுதுதான் சம்பந்தி!" என்று கத்தினார் பாக்கியநாதன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தார் பாவம். முடியவில்லை. மழையை ஒரு தடவை தன்னுடையது இல்லை என்று சொன்னால் சூசானாளுக்கு அரிசி ஞாபகம் வந்துவிடும் அல்லவா? அதனால் அதற்கப்புறம் எல்லா மழையும் அவர் தலையில்தான். புக்கிட் மெர்தாஜாமில் வெள்ளம் வந்தால் ரயிலில் ஆள் சொல்லி அனுப்புவாள்: "சம்பந்தியக் கொஞ்சம் கை குறைக்கச் சொல்லுங்க." இவர் பதில் அனுப்புவார்: "மன்னிச்சுக்கோங்க, இனிமே பாத்துப் போடறேன்." சந்தில் துணி நனைந்தால் அவரைத்தான் திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொள்வார். மேகத்தைக் காட்டி இது என்னுது என்று பெருமையடிப்பதை மட்டும் விட்டுவிட்டார். வானம் கெட்டதற்கு நான்தான் காரணம் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஒரு மனுஷரைத்தான் என் வாழ்நாளில் பார்த்தேன், அவர் சொன்னதும் பொய். பினாங்கில் அதற்குள் எத்தனையோ புதுப் புகைபோக்கிகள் முளைத்துவிட்டன. அவற்றின் முதலாளிகள் ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

கேத்தரின் மூன்று பிள்ளை பெற்றாள். எங்கும் ஓடிப் போகாமல் மாமியாரோடுதான் இருந்தாள்.

சில வருஷம் கழித்து ஒரு ஜனவரியில் பாக்கியநாதன் நெஞ்சடைத்துப் போய்விட்டார். கரித்தூள்தான் என்றார்கள். மழையில் சுருங்கிப் போன அந்தக் கல்யாணக் கோட்டையே போட்டு அடக்கம் செய்ய வேண்டும் என்றாள் அமலம்மாள். நான் பிரித்து இழுத்துத் தைத்துக் கொடுத்தேன். கூலி வாங்க மனம் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொளுத்தியது. வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. மண் போட்டு முடிந்தும் யாரும் நகராமல் நின்றோம். சூசானாள் அண்ணாந்து பார்த்தாள். "பாத்தீங்களா, ஆள் போன அன்னிக்கு ஒரு சொட்டு இல்ல" என்று சொல்லி விம்மினாள்.

கேத்தரின் அழுதுகொண்டே கைக்குட்டையை எடுத்தாள். கண்ணைத் துடைக்கத்தான் என்று நினைத்தேன். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அரிசி. மாமியார், புருஷன், ஊர் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள். "அப்பாவுக்கு ஒரு மழை வேணும்" என்றாள்.

லாரன்ஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஏரம்பமூர்த்தி மட்டும் மெல்லப் பின்னால் நகர்ந்துபோய், தன் கறுப்புக் குடையை யாரோ ஒருவரின் கல்லறைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து நின்றார்.

சூசானாள் மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புது மண்மேட்டைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு பிடி குடு" என்று கையை நீட்டினாள்.